ஸ்கேனில் எலும்பு இருக்கிறது, அசைவு இல்லை: முழங்கால் மாதிரி செய்த அனுபவம்

சி.டி. ஸ்கேனிலிருந்து முழங்கால் எலும்புகளைப் பிரித்தெடுத்து, கம்ப்யூட்டரில் மடக்கி நீட்டி, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணக்குப் போடுவது எப்படி என்று இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளும் பிசியோதெரபி படிக்கிறவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் போனில் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில் இருப்பது எலும்பின் வடிவம் மட்டும்தான், அசைவு அதில் கிடையாது. அச்சு எங்கே ஓடுகிறது, பூஜ்ஜியம் டிகிரி என்று எந்த நிலையைச் சொல்கிறோம், சி.டி.யில் தெரியாத குருத்தெலும்பையும் ஜவ்வையும் (இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ்) என்ன செய்தோம் என்று நாம் எடுக்கிற முடிவுகளிலிருந்துதான் அசைவு வருகிறது. திரையில் எலும்பு பளபளவென்று வந்து நின்றதும் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

நான் மெக்கானிக்கல் படித்தவன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஜிக், ஃபிக்ஸ்சர் டிசைன் செய்வது பிழைப்பு. இந்த வேலைக்குள் என்னை இழுத்துவிட்டது கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு அக்கா. அவரிடம் முட்டி வலி என்று வருகிறவர்களில் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் அதிகம். பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி இன்னொரு காலை நீட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள். "மடக்கின காலுக்குள்ள என்னதான் நடக்குதுன்னு உன் கம்ப்யூட்டர்ல காட்ட முடியுமா தம்பி?" என்று அக்கா கேட்டார். அந்த ஒரு கேள்வி கையில் இருந்ததால்தான் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடிந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முழங்கால் மாதிரி (மாடல்) என்று பொதுவாக ஒன்று கிடையாது. நடக்கும்போது தசை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க ஒரு மாதிரி, குருத்தெலும்பில் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க வேறு மாதிரி, நோயாளிக்கு விளக்கப் படம் காட்ட இன்னொன்று. ஓப்பன்சிம் என்கிற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் டெல்ப் குழுவினர் உருவாக்கி, 2007-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதோடு கிடைக்கிற கெயிட் 2392 மாதிரியில் 23 அசைவு வழிகளும் 92 தசைக் கோடுகளும் உண்டு. ஆனால் பெயரே சொல்கிற மாதிரி அது நடைக்காகச் செய்தது, முழங்கால் 120 டிகிரி வரைதான் மடங்கும். 2016-இல் வந்த ராஜகோபால் மாதிரியும் அப்படித்தான். அடுத்த வருஷம் லாய் குழுவினர் அதை 140 வரை நீட்டினார்கள். நம் ஊரில் குந்தி உட்கார்ந்தாலே 140-ஐத் தாண்டிவிடுகிறது. அதாவது அக்கா கேட்ட கேள்வி, தயாராகக் கிடைக்கிற மாதிரிகளின் எல்லைக்கு வெளியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களின் தேவைக்கு எழுதப்பட்ட மாதிரியை எடுத்து, தரையில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களின் முட்டியைப் பற்றிப் பேச முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, ஸ்கேனுக்கு வருவோம்.

மாதிரி செய்வதற்காக யாரையும் புதிதாக சி.டி. எடுக்கச் சொல்லாதீர்கள். அது கதிர்வீச்சு. வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்து ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் இருந்தால், அந்த ஆளிடம் இதற்குத்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று தமிழில் விளக்கிச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பயன்படுத்தலாம். கல்லூரியில் செய்வதானால் எதிக்ஸ் கமிட்டி அனுமதி முதலில். ஸ்கேன் படங்கள் பதிவாகிற டைகாம் கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் நோயாளியின் பெயர், வயது, எடுத்த தேதி, ஆஸ்பத்திரி எண் எல்லாம் பதிந்திருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் அது போகாது, உள்ளே இருக்கிற தலைப்புப் பகுதியைத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகுதான் என் லேப்டாப்புக்கு வர வேண்டும் என்று அக்காவிடம் முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். பழகிப் பார்க்க மட்டும் என்றால் நோயாளி ஸ்கேனே வேண்டாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹ்யூமன் தொகுப்பு இருக்கிறது, ஆண் உடல் 1994-இலும் பெண் உடல் 1995-இலும் வெளியானது. அதில் முழு உடம்பும் சி.டி.யாகக் கிடைக்கும்.

ஸ்கேன் சென்டரில் ஃபிலிமைக் கொடுப்பார்கள், அது இதற்கு உதவாது. ஃபிலிமை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலிருந்து எதுவும் செய்ய முடியாது. குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ டைகாமாக வாங்க வேண்டும், அதிலும் மெல்லிய ஸ்லைஸாக (குறுக்கு வெட்டுப் படமாக). ரிப்போர்ட் எழுத 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் தடிமனே போதும் என்பதால் பெரும்பாலும் அதைத்தான் தட்டில் எழுதித் தருவார்கள். மெல்லியது ஸ்கேன் மெஷினின் கன்சோலில் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு இடம் வேண்டும் என்று அழித்துவிடுவார்கள். அதனால் ஸ்கேன் எடுத்த அன்றைக்கே டெக்னீஷியனிடம் 1 மில்லிமீட்டருக்குக் குறைவான ஸ்லைஸ் வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. முட்டிச் சில்லு நாலு சென்டிமீட்டரை ஒட்டிய உயரம்தான். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸில் எடுத்தால் அது முழுக்க எட்டு ஒன்பது படங்களில் முடிந்துபோகும், அதை வைத்து எந்த வளைவைப் பிடிப்பது?

இன்னொரு கணக்கும் உண்டு. படம் 512-க்கு 512 புள்ளிதான். ஒரு முட்டியை மட்டும் 180 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிடித்தால் ஒரு புள்ளி 0.35 மில்லிமீட்டர் வரும். இரண்டு காலையும் சேர்த்து 400 மில்லிமீட்டருக்குப் பிடித்திருந்தால் அதே புள்ளி 0.78 ஆகிவிடும். ஸ்லைஸ் தடிமனைக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

எலும்பைப் பிரிக்க 3டி ஸ்லைசர் போதும், இலவசம். தமிழ்நாட்டில் நிறைய பேர் காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் இல்லாமல் இது நடக்காது என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். என் லேப்டாப்பில் 8 ஜி.பி. ராம்தான். முதலில் கிராப் வால்யூம் போட்டு முட்டியைச் சுற்றி மட்டும் வெட்டிக்கொண்டால் அதுவே ஓடும்.

சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்று ஒன்று உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. எலும்பின் கெட்டியான வெளி ஓடு 1000-ஐக்கூடத் தாண்டும். உள்ளே இருக்கிற பஞ்சு மாதிரியான பகுதி சில நூறுகளில்தான் இருக்கும். அதனால் 200, 250 என்று ஒரு எல்லை வைத்து, அதற்கு மேலே இருப்பதெல்லாம் எலும்பு என்று சொன்னால் தொடையெலும்பின் நடுத்தண்டு நொடியில் அழகாக வந்துவிடும். தொல்லை முழுக்க மூட்டுப் பக்கம்தான். அங்கே வெளி ஓடு காகிதம் போல மெலிந்திருக்கும், ஒரு புள்ளிக்குள் பாதி எலும்பும் பாதி மற்றதும் கலந்து எண் கீழே இறங்கிவிடும், அதனால் ஓட்டை விழும். வயதான பெண்களின் எலும்பில் இது இன்னும் அதிகம். எல்லையைக் குறைத்தால் ஓட்டை அடையும், ஆனால் தேய்ந்த முட்டியில் மேலெலும்பும் கீழெலும்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

எங்களுக்குக் கிடைத்த ஸ்கேனில் உள்பக்கம் இடைவெளி ரொம்பக் குறைவு. முன்பின் வெட்டில் பார்த்தால் இரண்டு எலும்புக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று புள்ளி அகலத்துக்கு ஒரு கோடு, சில இடத்தில் அதுவும் இல்லை. எல்லை எண்ணை எப்படி மாற்றினாலும் அங்கே பாலம் போட்டுக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் தொடையெலும்புக்கு ஒரு நிறம், கீழ்க்கால் எலும்புக்கு ஒரு நிறம், சில்லுக்கு ஒரு நிறம் என்று விதை போட்டு, குரோ ஃப்ரம் சீட்ஸ் என்கிற வழியில் வளரவிட்டு, மிச்சத்தை ஸ்லைஸ் ஸ்லைஸாகக் கையால் திருத்துவதுதான் சரி. அக்காவுக்கு எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண். எலும்பு முள் எது, எலும்பே எது என்று நான் தயங்கும் இடத்தில் அவர் விரல் வைத்துக் காட்டுவார். அந்த மாதிரி உடற்கூறு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையை இன்ஜினியர் தனியாகச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டோமேட்டிக்காகப் பிரித்துத் தரும் வழிகள் இப்போது நன்றாகவே வந்துவிட்டன, பயன்படுத்துங்கள். ஆனால் மூட்டுக்குள் வருகிற விளிம்பை மூன்று வெட்டிலும் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நாளைக்கு எலும்பு எலும்பைத் தொடுகிறதா என்று கணக்கிடப் போவது அந்த விளிம்பை வைத்துத்தான்.

புள்ளிகளிலிருந்து மேற்பரப்பு செய்வதற்கு 1987-இல் லோரன்சனும் கிளைனும் சொன்ன மார்ச்சிங் கியூப்ஸ் முறைதான் இன்றைக்கும் அடிப்படை. அதில் வருவது படிக்கட்டு படிக்கட்டாக இருக்கும், மழமழப்பாக்க வேண்டும். சாதாரண லாப்லாசியன் வழியில் திரும்பத் திரும்ப மழமழப்பாக்கினால் எலும்பு சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுருங்கும். டௌபின் முறை 1995-இல் வந்ததே இந்தச் சுருக்கத்தைத் தடுக்கத்தான், மெஷ்லேப் என்கிற மென்பொருளிலும் இருக்கிறது. எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் தொடையெலும்பின் அடிப்பாகத்தின் அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். மெஷினிங் ஆள் என்பதால் எனக்கு இது பழக்கம், அளக்காமல் ஒரு பார்ட்டும் டேபிளை விட்டு நகராது. இந்த மேற்பரப்பு சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது, அவை லட்சக்கணக்கில் வரும். தண்டுப் பகுதியில் தாராளமாகக் குறைக்கலாம், மூட்டு மேற்பரப்பில் கை வைக்காதீர்கள்.

மேற்பரப்பைச் சேமிக்கிற எஸ்.டி.எல். கோப்புக்கு அளவு அலகு கிடையாது. ஸ்லைசரிலிருந்து மில்லிமீட்டரில் வரும், ஓப்பன்சிம் மீட்டரில் படிக்கும். 0.001-ஆல் பெருக்காவிட்டால் முட்டி ஆயிரம் மடங்கு பெரிதாகிவிடும். இது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்து இல்லை. ஆபத்தானது இடம் வலம் மாறுவது. டைகாம் ஒரு திசை வழக்கத்தில் எழுதும், ஸ்லைசர் உள்ளே வேறு வழக்கத்தில் வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே இரண்டு அச்சின் குறி மாறும். இரண்டும் சேர்ந்து மாறினால் பொருள் சுழலும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் மாறினால் வலது முட்டி கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடது முட்டியாகிவிடும், திரையில் பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. கீழ்க்காலில் இருக்கிற மெல்லிய எலும்பு எப்போதும் வெளிப்பக்கம்தான் இருக்கும், சில்லு முன்பக்கம். இரண்டையும் வைத்து எந்தக் கால் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறை கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் இதைப் பார்க்க வேண்டும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

முழங்கால் கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் சுற்றுவதில்லை. மடங்கும்போது தொடையெலும்பின் உள்பக்கக் குமிழ் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, வெளிப்பக்கக் குமிழ் பின்னால் உருண்டு போகிறது. நீட்டி முடிக்கிற கடைசி இருபது முப்பது டிகிரியில் கீழ்க்கால் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி, திருகாணி இறுகுகிற மாதிரி பூட்டிக்கொள்கிறது. ஆறு வழியிலும் அசைவு இருக்கிறது. இதை எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதற்காக 1983-இல் குரூடும் சன்டேயும் ஒரு முறை கொடுத்தார்கள். மடக்குவதற்கான அச்சு தொடையெலும்போடு ஒட்டியது, உள்ளே வெளியே திருப்புவதற்கான அச்சு கீழ்க்கால் எலும்போடு ஒட்டியது, இரண்டுக்கும் செங்குத்தாக மூன்றாவது ஒன்று எதிலும் ஒட்டாமல் மிதக்கும். டாக்டரும் இன்ஜினியரும் ஒரே எண்ணை வைத்துப் பேச இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

முறை சரிதான், ஆனால் அந்த அச்சை எலும்பில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு வரைவது? தொடையெலும்பின் இரு பக்கமும் புடைப்பு இருக்கிறது, அவற்றைச் சேர்த்து வரையலாம். ஆனால் புடைப்பு என்பது ஒரு மேடு, ஊசி முனை அல்ல. நான் வைத்த புள்ளியும் அக்கா வைத்த புள்ளியும் ஒத்துவரவில்லை, அடுத்த வாரம் அவரே வைத்ததும் கொஞ்சம் தள்ளி விழுந்தது. இன்னொரு வழி, பின்பக்கக் குமிழ்கள் இரண்டும் பக்கவாட்டில் பார்த்தால் ஏறக்குறைய வட்டம், அவற்றுக்குள் ஒரு சிலிண்டரைப் பொருத்தி அதன் நடு அச்சை எடுத்துக்கொள்வது. இதில் ஆளுக்கு ஆள் மாறுவது குறைவு, எங்கள் வேலைக்கு இதைத்தான் வைத்துக்கொண்டோம்.

இரண்டு டிகிரி, மூன்று டிகிரி சாய்ந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது அச்சு உண்மையான திசையிலிருந்து 5 டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டியை மடக்க மடக்க, உள்ளே இல்லாத ஒரு பக்கவாட்டுச் சாய்வு எண்ணில் தோன்ற ஆரம்பிக்கும். அதன் அளவு ஏறக்குறைய 5-ஐ மடக்கு கோணத்தின் சைனால் பெருக்கினால் வருவது. 30 டிகிரியில் இரண்டரை, 90 டிகிரியில் முழு 5. நடையில் முட்டி பெரும்பாலும் 60 டிகிரியைத் தாண்டாது என்பதால் அங்கே தப்பித்துவிடலாம், தரையில் உட்காருகிறவருக்கு அப்படி விட முடியாது. வரைபடத்தில் மடக்கு கோணமும் பக்கவாட்டுச் சாய்வும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கினால் அந்த ஆளுக்கு ஏதோ கோளாறு என்று எழுதுவதற்கு முன் உங்கள் அச்சைச் சந்தேகப்படுங்கள்.

முட்டியை மட்டும் ஸ்கேன் எடுத்திருந்தால் இன்னொரு குறையும் இருக்கும். தொடையெலும்பின் நீள அச்சுக்கு இடுப்பு மூட்டின் மையம் வேண்டும், அங்கே இருக்கிற உருண்டைத் தலைக்கு ஒரு கோளம் பொருத்தினால் மையம் கிடைத்துவிடும். ஆனால் முட்டி ஸ்கேனில் இடுப்பே இருக்காது. மூட்டு மாற்று அறுவைக்குத் திட்டமிட எடுக்கிற சி.டி.யில் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்று இடத்திலும் ஸ்லைஸ் எடுப்பது உண்டு. அந்த மாதிரி ஸ்கேன் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் பூஜ்ஜியம். ஸ்கேன் எடுக்கும்போது ஆள் மல்லாந்து படுத்திருக்கிறார், முட்டிக்கு அடியில் ஒரு தலையணை, வலி இருப்பவர் என்றால் முழுசாக நீட்டவும் மாட்டார். ஆக, ஸ்கேனில் இருக்கிற நிலை பூஜ்ஜியம் டிகிரி அல்ல. மேலே சொன்ன அச்சுகளை வைத்து அந்த நிலை எத்தனை டிகிரி என்று முதலில் கணக்கிட்டு, அதை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றது. உடம்பின் எடையும் அந்த மூட்டில் அப்போது இல்லை. இதில் இன்னொரு பொறி, கெயிட் 2392-இல் முட்டி மடங்குவது மைனஸ் எண், ராஜகோபால் மாதிரியில் அதே மடக்கு பிளஸ். ஒன்றின் கோணக் கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் முட்டி முன்பக்கமாக மடங்கி நிற்கும்.

அசைவை எப்படிக் கொடுப்பது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே அச்சுச் சுழற்சி, விளக்கப் படத்துக்குப் போதும். அடுத்தது, மடக்கு கோணம் இவ்வளவு என்றால் எலும்பு இவ்வளவு பின்னால் போகும், இவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே வளைகோடு கொடுத்துவிடுவது. கெயிட் 2392-இல் இருப்பது இந்த வகை, 1989-இல் யாமகுச்சியும் ஸாயக்கும் கொடுத்த முழங்காலிலிருந்து வந்தது. மூன்றாவது, எந்த வளைகோடும் கொடுக்காமல் எலும்பின் வடிவமும் லிகமென்ட்களும் (எலும்பை எலும்போடு கட்டும் நார்கள்) தசைகளும் சேர்ந்து அசைவை முடிவுசெய்யட்டும் என்று விடுவது. இதற்கு ஃபெபயோ போன்ற ஒரு மென்பொருள் வேண்டும், யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வருவது, ஆராய்ச்சிக்கு இலவசம்.

மூன்றாவதில் நேரே குதிக்காதீர்கள். லிகமென்டை ஸ்பிரிங்காக வைப்போம், அது எந்த நீளத்தில் இறுக ஆரம்பிக்கிறது என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். அந்த எண் எந்த ஸ்கேனிலும் இருக்காது. முன் குறுக்கு லிகமென்ட் 30 மில்லிமீட்டரை ஒட்டிய நீளம்தான், அதில் ஒரு மில்லிமீட்டர் மாற்றினால் நீட்சி 3 சதவீதம் மாறிவிடும். லிகமென்ட் தளர்வாக இருந்து விறைப்பாக மாறுவதே அந்த மாதிரி சில சதவீதத்துக்குள்தான். ஒரு மில்லிமீட்டருக்கு மொத்த விசையும் தலைகீழாகிற மாதிரியை வைத்துக்கொண்டு நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன், அந்த எண்ணை மேலும் கீழும் நகர்த்தி முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

நாங்கள் இரண்டாவது வழியில் ஆரம்பித்தோம். வளைகோட்டை எங்கள் எலும்பில் ஏற்றியதும், மடக்கும்போது ஒரு கட்டத்தில் இரண்டு எலும்பும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்தன. இது வரத்தான் செய்யும், ஏனென்றால் அந்த வளைகோடு வேறு யாருடைய முழங்காலிலோ அளந்தது. இந்த இடத்தில் சிலர் பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் எலும்பைக் கொஞ்சம் சீவிவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இருப்பதில் நம்பகமான ஒரே விஷயம் அந்த எலும்பின் வடிவம்தான், அதையே மாற்றிவிட்டால் ஸ்கேன் எதற்கு? பத்துப் பத்து டிகிரியாக மடக்கி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மேற்பரப்புக்கும் இடையே உள்ள தூரத்தை நிறப் படமாகப் போட்டுப் பாருங்கள். சி.டி.யில் குருத்தெலும்பும் ஜவ்வும் தெரியாது, அவை இருக்கிற இடம் வெறும் இடைவெளியாகத் தெரியும். நல்ல முட்டியில் சில மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் இருந்தே ஆக வேண்டும். புதைந்தாலோ வாய் பிளந்தாலோ அச்சையும் வளைகோட்டையும் திருத்த வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் இருந்தால் குருத்தெலும்பை அதிலிருந்து எடுத்து, இரண்டு ஸ்கேனிலும் பொதுவாக இருக்கிற எலும்பை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். எங்களிடம் இல்லை, அதனால் அழுத்தம் எங்கே எவ்வளவு என்று நாங்கள் எதுவும் சொல்லவில்லை. எங்களால் சொல்ல முடிந்தது எந்த கோணத்தில் எந்தப் பகுதி நெருங்குகிறது என்பது வரைதான்.

தசைக் கோடுகளைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கோணம் மாறும்போது தசையின் நீளம் எவ்வளவு மாறுகிறதோ அதுதான் நெம்புகோல் நீளம். சில்லு இருப்பதே தொடையின் முன்தசைக்கு அந்த நீளத்தைக் கூட்டிக் கொடுக்கத்தான். வரைபடத்தில் திடீர் குதிப்பு இருந்தால் தசைக் கோடு எலும்புக்குள் புகுந்து போகிறது என்று அர்த்தம், ஆழமாக மடக்கும் பகுதியில் இது கட்டாயம் வரும், பாருங்கள்.

மாதிரி உண்மையோடு ஒத்துப்போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விசையைப் பொறுத்தவரை, உணரி வைத்த செயற்கை மூட்டுகளைப் பொருத்தி உள்ளே இருக்கிற விசையை நேரடியாக அளந்து, பெர்லின் குழுவினர் ஆர்த்தோலோட் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். சாதாரண நடையில் முட்டியில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விழுகிறது. உங்கள் மாதிரி எட்டு மடங்கு என்று சொன்னால் எங்கேயோ கோளாறு. அசைவைப் பொறுத்தவரை, ஸ்டான்ஃபோர்டின் ஓப்பன்கேப் இரண்டு ஐபோனை வைத்தே முழு உடம்பின் கோணங்களையும் எடுத்துத் தருகிறது, நடைக்கு நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் எங்களுக்கு வேண்டியது புடவை கட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் முட்டி. கேமராவுக்கு முட்டியே தெரியாது. அக்கா ஒரு டிராக் பேன்ட் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மா மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் அப்படி இப்படி நகர்ந்து பார்த்தார். "இத மாட்டிக்கிட்டு எனக்கு உக்காரவே வரல தம்பி, நான் இப்பிடி உக்காரவே மாட்டேனே" என்றார். உண்மைதான், புடவையில் மடித்த காலை இன்னும் உள்ளே இழுத்து, முட்டியைத் தரையில் படியவிட்டு உட்காருகிறவர், பேன்ட்டில் முட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அளப்பதற்காக உடுப்பை மாற்றினோம், அளக்க வந்த விஷயமே மாறிவிட்டது. கடைசியில் அவர் புடவையோடே, அவர் வேலை செய்கிற இடத்திலேயே, அக்கா கோணம் அளக்கிற கோனியோமீட்டர் வைத்துக் கையால் தொட்டு எலும்பு மேட்டைப் பிடித்து அளந்தார். ஓடும் அசைவு முழுக்க அதில் வராது, உட்கார்ந்த நிலையும் எழுந்திருக்கிற சில நிலைகளும்தான் கிடைத்தன. எங்கள் கேள்விக்கு அந்த எண்கள் போதும். அவை அவருடைய சொந்த எண்கள் என்பதுதான் முக்கியம்.

அதை மாதிரியில் ஏற்றிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மடக்கிய காலில் முட்டி மடங்குவது மட்டுமல்ல, கீழ்க்கால் நன்றாக உள்பக்கம் திரும்பியும் இருக்கிறது, அந்த நிலையில் வெளிப்பக்கக் குமிழ் கீழெலும்பின் பின்விளிம்பு வரைக்கும் போய்விடுகிறது. ஆக, மடக்கு கோணத்தை மட்டும் குறைக்கச் சொல்லி அறிவுரை கொடுத்தால் பாதி விஷயம்தான். ஒரு மணைப்பலகை போட்டு உட்காரவைத்தால் இரண்டும் சேர்ந்து குறைகிறதா, எந்த உயரத்திலிருந்து குறைகிறது என்று இப்போது அக்கா வேறு வேறு உயரப் பலகைகளை வைத்து அளந்துகொண்டிருக்கிறார். பலகையை எங்கள் ஒர்க்‌ஷாப்பில்தான் செய்தோம், அடியில் கட்டை சேர்த்து உயரத்தை ஏற்றி இறக்கலாம். உட்கார்ந்தபடி முந்திரியை உடைக்க வசதியாக இல்லை என்றால் அவர்கள் அதைத் தள்ளி வைத்துவிடுவார்கள், அதனால் வசதியாக இருக்கிறதா என்பதையும் கோணத்தோடு சேர்த்தே கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

மாதிரியில் இன்னும் சேராதது, முழுசாக மடங்கும்போது தொடைச் சதையும் கெண்டைச் சதையும் ஒன்றையொன்று அழுத்துவது. அந்த அழுத்தம் உடல் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது, அதைச் சேர்க்காமல் ஆழமான மடக்கில் விசை கணக்கிட்டால் எண் கூடுதலாகத்தான் வரும். சதையின் வடிவம் அதே சி.டி.யிலேயே இருக்கிறது, ஆனால் அது நீட்டிப் படுத்த நிலையில் உள்ள வடிவம். மடங்கும்போது அது எப்படிப் பிதுங்குகிறது என்பதற்கு, தொடைக்கும் கெண்டைக்கும் நடுவே மெல்லிய அழுத்த உணரி வைத்து நேரடியாக அளந்துவிடலாம் என்று இருக்கிறோம். அந்த வேலை தெரிந்தவர்கள் புதுச்சேரி, கடலூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து செய்யலாம்.